இரவல் மடி

அல்ஜீரியாவின் தென்கிழக்கு மூலையில், லிபிய எல்லையை அண்டினாற்போல, தஸ்ஸிலி நஜ்ஜர் என்ற மலைப் பீடபூமி இருக்கிறது. ஸஹாராவின் நட்டநடுப் பகுதி. அதன் கற்பள்ளத்தாக்குகளில் ஒரு வகைச் சைப்பிரஸ் மரம் நிற்கிறது. உலகின் வேறெந்தப் பகுதியிலும் அது தானாக வளர்வதில்லை. ஃபாத்திஹா அப்தூன் என்ற ஆய்வாளரும் பெத்தியாஃப் என்பவரும் சேர்ந்து எழுதி, 2002இல் வெளியான கணக்கெடுப்பின்படி உயிரோடு நின்றவை 233 மரங்கள். எங்கள் கிராமத்துப் பாடசாலையின் வரவு இடாப்புகளில் இதைவிடக் கூடுதலான பெயர்கள் இருக்கின்றன.

துவாரெக் மக்கள் அந்த மரத்தைத் ‘தாரூத்’ என்கிறார்கள். நானும் அப்படியே சொல்லப் போகிறேன். தாவரவியலில் அதற்குள்ள பெயர் கப்ரெசஸ் துப்ரெஸியானா. 1924இல் ஜானெத்தில் பிரெஞ்சுப் படைக்குப் பொறுப்பாக இருந்த துப்ரே என்ற கப்டன் அதைப் பற்றி வெளியுலகுக்கு அறிவித்தார். 1926இல் எய்மே காமு என்ற பெண் தாவரவியலாளர் அதை விவரித்து எழுதி, கப்டனின் பெயரையே அதற்கு வைத்தார். ‘கண்டுபிடித்தார்’ என்றுதான் நூல்களில் எழுதுகிறார்கள். அந்த மரத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயரைச் சொல்லி அழைக்க ஒரு சமூகமும் இருந்தது என்பதை அந்தச் சொல் மறந்துவிடுகிறது. அது வேறு கதை. விரித்தால் இக்கட்டுரை அதிலேயே முடிந்துவிடும்.

மலைநாட்டுச் சரிவுகளில் நட்டிருக்கும் பைனஸ் மரங்களைப் பார்த்தவர்களுக்குக் கூம்புக்காய் மரங்களின் சாயல் தெரியும். சைப்பிரஸ் அந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. ஊசி போன்ற இலைக்குப் பதிலாகச் செதில் செதிலாக ஒட்டிக்கிடக்கும் இலை. விரல் நுனி அளவு காய். இந்த மரங்களைக் குளிரோடும் மழையோடும் சேர்த்தே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். ஆனால் தாரூத் நிற்கும் இடத்தில் ஓர் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 30 மில்லிமீற்றர் என்று மதிப்பிடுகிறார்கள். எங்கள் புத்தளத்தை வரண்ட பிரதேசம் என்று புவியியல் பாடத்தில் எழுதிக் கொடுக்கிறேன். இங்கேயே வருடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீற்றர் பெய்கிறது. ஒரு நல்ல ஐப்பசி மழை நாளில் எங்கள் முற்றத்தில் விழுகிற தண்ணீரைக் கொண்டு தாரூத் ஒரு வருடத்துக்கு மேல் சீவித்துவிடும்.

அதில் மிகப் பெரிய மரத்துக்குத் தின் பலாலன் என்று பெயர். அதன் அடிமரத்தின் சுற்றளவு 12 மீற்றர். இந்த இனத்தின் மரங்களில் பெரும்பாலானவை 2000 ஆண்டுகளைத் தாண்டியவை என்று மதிப்பிடுகிறார்கள். றஸூலுல்லாஹ் (ஸல்) பிறப்பதற்கு ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே அவை அங்கே நின்றன. உக்பா இப்னு நாபிஃ வட ஆபிரிக்காவுக்கு வந்து கைரவானைக் கட்டிய காலத்தில் அவை முதிர்ந்த மரங்கள். அந்தப் பீடபூமியில் பாங்கொலி முதன்முதலாகக் கேட்ட நாளில் அதைக் கேட்டிருக்கக்கூடிய உயிர்களில் இன்றும் மிச்சமிருப்பவை இந்த மரங்கள் மட்டுமே.

பெரிய மரங்கள் இப்படி நிலைத்து நிற்கின்றன. இளங்கன்றுகள்தான் இல்லை. விதைகளில் பெரும்பகுதி உள்ளீடற்ற கோது. அபூர்வமாக முளைப்பதும் அடுத்த மழைவரை தாங்குவதில்லை. தாங்கினால் ஆடோ ஒட்டகமோ கடித்துவிடுகிறது. பாட்டன்மார் மட்டும் மிஞ்சிய ஒரு குடியைப் போல அந்த மரங்கள் இருக்கின்றன.

என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. தன் நிலமே தன்னைக் கைவிட்ட ஓர் உயிரினத்தை நாம் காப்பாற்றியாக வேண்டுமா? ஆம் என்றால் என்ன நியாயத்தின்பேரில்? அதைவிடச் சிக்கலான இன்னொன்றும் உண்டு. அதை வேறொரு மண்ணில், வேறொரு மரத்தின் மடியில் பிறப்பித்து வளர்த்துவிட்டால் கடமை தீர்ந்துவிடுமா?

முதற் கேள்விக்கு வழமையாகச் சொல்லப்படும் நியாயங்களை எடுத்துப் பார்க்கலாம். மரங்களைப் பாதுகாப்போம் என்று பாடசாலையில் சுவரொட்டி எழுதும்போது நாம் பயனைச் சொல்கிறோம். மழை தரும், நிழல் தரும், மருந்து தரும். தாரூத் மழை தரவில்லை. மழை போன பிறகும் நிற்கிறது. 233 மரங்களின் நிழலில் ஸஹாரா குளிர்ந்துவிடாது. வறட்சியைத் தாங்கும் அதன் இயல்பு வருங்காலத்தில் எதற்காவது உதவலாம் என்று சொல்லலாம்தான். ஆனால் ‘உதவலாம்’ என்பதன் மீது ஒரு கடமையைக் கட்டி எழுப்பினால், உதவாது என்று தெரிந்த அன்றே அந்தக் கடமையும் விழுந்துவிடும்.

அடுத்த நியாயம் குற்றம். நாம் கெடுத்தோம், ஆகவே நாமே திருத்த வேண்டும். இன்றைய சூழலியல் எழுத்துகளில் பெரும்பகுதி இந்த அடித்தளத்தில் நிற்கிறது; அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் தாரூத்தின் கதையில் இந்த நியாயம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. தஸ்ஸிலியின் பாறைகளில் ஆயிரக்கணக்கான பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. மேயும் மாட்டு மந்தைகள், ஒட்டகச்சிவிங்கிகள், நீர்யானைகள். இன்று ஒரு குடம் தண்ணீருக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டிய இடத்தில் நீர்யானையை வரைந்திருக்கிறார்கள் என்றால் அங்கே ஆறும் ஏரியும் இருந்தன என்பதுதான் பொருள். பூமியின் சுற்றுப்பாதையிலும் சாய்விலும் ஏற்பட்ட மெதுவான மாற்றத்தால் பருவமழை தெற்கே பின்வாங்கியது. சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன்னர் பச்சை ஸஹாரா முடிந்துபோனது. அதில் மனிதனின் கை பிரதானமானதல்ல. தாரூத்தை அநாதையாக்கியது வானம்தான்.

(அந்த ஓவியங்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. 1956இல் ஹென்றி லோத் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு அங்கே சென்று அவற்றைப் பிரதிசெய்து உலகறியச் செய்தது. நிறம் தெளிவாகத் தெரிவதற்காகப் பாறைகளைத் தண்ணீரால் நனைத்துத் துடைத்தார்கள். அதனால் பல ஓவியங்கள் மங்கிவிட்டன என்று பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். அழிப்பவர்களால் மட்டுமல்ல, ஆசைப்படுகிறவர்களாலும் ஒரு பொருள் தேய்ந்துபோகும்.)

குற்றத்தின் மறுபாதி கோடரி. கட்டடத்துக்கும் விறகுக்கும் தாரூத்தை வெட்டியிருக்கிறார்கள். பெருமழைக் காலத்தில் வெட்டினால் மீண்டும் முளைக்கும் மரம் இப்போது முளைப்பதில்லை என்பதால், ஒவ்வொரு வெட்டும் கணக்கில் நிரந்தரமாகக் கழிகிறது. இதைப் படித்ததும் அந்தப் பாலைவன மனிதர்மீது கோபம் கொள்வது இலகு. ஆனால் அந்த மரங்கள் நிற்பது ஆயிரம் மீற்றருக்கும் மேலான உயரத்தில். அங்கே பனிக்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும். ஆட்டு மந்தையோடு பாறை ஒதுக்கில் தங்கும் ஒரு மனிதனுக்கு நெருப்பு என்பது ஆடம்பரமல்ல. மறுபுறம், பாலைவனத்து மக்களைப் புனிதர்களாக்கி எழுதும் வழக்கமும் எனக்கு உவப்பில்லை. அவர்கள் வெட்டவும் செய்தார்கள், விட்டும் வைத்தார்கள். இத்தனை நூற்றாண்டுக் குளிரில் ஒரு கிளைக்கும் அடுத்த கிளைக்கும் இடையில் யாரோ எத்தனையோ தடவை கையை மடக்கிக்கொண்டதால்தான் 233 மிஞ்சியிருக்கிறது. 1972இல்தான் அங்கே தேசியப் பூங்கா வந்தது; 1982இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன்பு அந்த மரங்களைக் காத்தது எந்தச் சட்டமும் அல்ல.

மூன்றாவது நியாயம் எதிர்பார்ப்பு. இன்று காத்தால் நாளை காடாகும் என்ற நம்பிக்கை. தஸ்ஸிலியில் அதற்கும் இடம் குறைவு.

பயனும் குற்றமும் எதிர்பார்ப்பும் இப்படி ஒவ்வொன்றாக மெலிந்துபோன பிறகும், அந்த மரத்தில் கோடரி வைப்பது தவறு என்று என் மனம் சொல்கிறது. வாசகர்களில் பெரும்பாலோரின் மனமும் அப்படியே சொல்லும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்த மூன்றுக்கும் வெளியே வேறொரு நியாயம் இருக்க வேண்டும். நமது பேச்சுவழக்கில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது: அமானிதம். ஹஜ்ஜுக்குப் போகிறவர் பக்கத்து வீட்டாரிடம் ஒரு பெட்டியை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். வாங்கி வைத்தவர் அந்தப் பெட்டிக்குள் இருப்பது பெறுமதியானதா, தனக்குப் பயன்படுமா, போனவர் திரும்பி வருவாரா என்று கணக்குப் பார்த்து அதைக் காப்பதில்லை. தன் கையில் இருக்கிறது என்பதே போதுமான காரணம். பெட்டி பழையது, பூட்டு துருப்பிடித்தது, உள்ளே இருப்பது கிழிந்த துணி என்று தெரிந்தாலும் அமானிதம் அமானிதம்தான். தாரூத்தின் விடயத்தில் நாம் நிற்கும் இடம் இதுவே என்பது என் எண்ணம். நாம் அதைக் கெடுக்கவில்லை, அதனால் நமக்கு ஒன்றும் ஆகப்போவதுமில்லை. ஆனால் நம் காலத்தில், நம் கை எட்டும் தூரத்தில் அது இருக்கிறது.

இவ்வளவும் சுலபமான பகுதி. இனித்தான் சிக்கல்.

2001ஆம் ஆண்டு ‘நேச்சர்’ சஞ்சிகையில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. பிரான்ஸின் அவிஞ்ஞோன் நகரிலுள்ள ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கிறிஸ்தியான் பிஷோவும் அவரது சகாக்களும் தாரூத்தின் இனப்பெருக்கத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குக்கூட அது வியப்பாக இருக்கும். பொதுவாக மகரந்தத்தில் தந்தையின் நிறமூர்த்தங்களில் பாதிதான் இருக்கும். ஒடுக்கற்பிரிவில் அது பாதியாகக் குறைந்துவிடும். சூல்வித்தில் தாயின் பாதி. இரண்டும் சேர்ந்தால் பிள்ளை. தாரூத்தின் மகரந்தம் இந்த ஒழுங்குக்குப் புறம்பானது. அதில் நிறமூர்த்தங்கள் குறையாமல் முழுத்தொகையும் இருக்கின்றன. பெண் காயை அடைந்த மகரந்தம் அங்கே தாயின் எதையும் சேர்த்துக்கொள்ளாமல் தானே முளையமாக வளர்கிறது. தாய் மரம் கொடுப்பது இடமும் உணவும் மட்டுமே. பிள்ளையின் பரம்பரைக் குறிப்பு முழுவதும் தந்தையுடையது. தாவர உலகில் இது மிக மிக அரிதான விடயம்.

அப்படியானால் தாய் தாரூத்தாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லையே? ஆய்வாளர்கள் கண்டது அதைத்தான். தாரூத்தின் மகரந்தம் சாதாரண மத்தியதரைச் சைப்பிரஸ் மரத்தின் பெண் காய்களில் சேர்ந்தபோது, அந்தக் காய்களின் விதைகளிலிருந்து தாரூத் நாற்றுகள் முளைத்தன. ஒரு சைப்பிரஸ் மரம் தன் மடியில் வேறோர் இனத்தின் பிள்ளையைச் சுமந்து, ஊட்டி, வெளியே தந்தது. ‘இரவல் தாய்’ என்று அவர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். (வாடகைத் தாய் பற்றிய ஃபத்வாக்களை யாரும் இங்கே கொண்டுவர வேண்டாம். மரங்களுக்கு நிக்காஹ்வும் இல்லை, வஸிய்யத்தும் இல்லை.)

அந்த இரவல் தாய் நமக்கு அந்நியமான மரமல்ல. அரபியிலும் பாரசீகத்திலும் ‘சர்வ்’ என்பது இந்தச் சைப்பிரஸ்தான். பாரசீகக் கவிஞர்கள் காதலியின் நெடிய உருவத்துக்கு உவமை தேடும்போதெல்லாம் அதனிடமே போனார்கள். உருதுக் கஸல்களிலும் அது நிற்கிறது. இஸ்தான்புலில் உஸ்மானியர் காலத்து மையவாடிகளில் கபுறுகளுக்கு மேலே வரிசையாக நிற்பதும் அதே மரம். காதலுக்கும் மௌத்துக்கும் காலம் காலமாக உவமையாக இருந்த மரம், இப்போது இன்னொருவரின் பிள்ளையைச் சுமக்கிறது. எழுத்தாளர் யாராவது இதைக் கற்பனை செய்து எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறார் என்று நமது விமர்சகர்கள் சொல்லியிருப்பார்கள்.

இதை நான் தரம் பதினொன்று விஞ்ஞான வகுப்பில் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாத விடயம். பரீட்சைக்கு வராது என்று தெரிந்ததும் பாதிப் பேர் பேனையை மூடிவிட்டார்கள். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை மட்டும் கேட்டது: “சேர், அப்ப அந்தத் தாய் மரத்துக்கு என்ன கிடைக்கும்?”

நான் வாசித்த எந்தக் குறிப்பிலும் அந்தக் கேள்வி இல்லை. அரிய இனம் பிழைத்ததா, எத்தனை விதை முளைத்தது, எதிர்காலம் எப்படி என்றே எல்லோரும் கேட்கிறார்கள். சுமந்த மரத்தைப் பற்றிப் பேச்சில்லை. அது அரிதான மரமல்ல, எங்கும் கிடைக்கும், ஆகவே அதன் பங்கு ஒரு செலவாகக்கூடக் கணக்கில் ஏறவில்லை.

ஆசிரியர் ஓய்வறையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் சக ஆசிரியர் ஒருவர் சிரித்தார். அவர் மன்னாரைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பெற்றோரோடு இங்கே வந்து சேர்ந்தவர். அப்போது எங்கள் இருவருக்கும் பத்து வயது. எங்கள் வளவில் மூன்று குடும்பங்கள் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தன. அதில் ஒன்று அவருடையது. “வேற என்ன மச்சான், எங்கட கதைதானே இது” என்றார். “விதை எங்கட, மடி உங்கட.”

சுமார் 75,000 பேர் என்று சொல்லப்படும் அந்தப் பெயர்வில் பெரும்பகுதியினரைப் புத்தளம் ஏற்றுக்கொண்டது. எங்கள் கிணற்றில் அந்த வருடம் அதிகாலையில் கயிறு இறங்கினால் இரவு வரை ஓயாது. உம்மா ஒருநாளும் முகம் சுளித்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் வருடங்கள் போகப் போக, பாடசாலை இடம், வேலை வாய்ப்பு, காணி என்று ஒவ்வொன்றிலும் வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையே உரசல் வந்ததும் உண்மை. வெளியேற்றத்தைப் பற்றி நமது இலக்கியத்தில் கதைகளும் கவிதைகளும் நிறைய இருக்கின்றன, இருக்கத்தான் வேண்டும். மடியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்தப் பிள்ளையின் கேள்வி எனக்கு இவ்வளவு நெருக்கமாகப் பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நமது மார்க்கம் இந்த உறவுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. பிள்ளையின் நஸபு மாறாது. அது தந்தையின் பெயரிலேயே அழைக்கப்படும். ஆனால் பால் கொடுத்தவளும் தாயாகிவிடுகிறாள். அவளது பிள்ளைகள் இந்தப் பிள்ளைக்குச் சகோதரர்களாகிவிடுகிறார்கள். இரத்தத்தில் பங்கில்லாதவளுக்கு உறவில் பங்கு உண்டு. காப்பாற்றப்பட்டவர் தன் வம்சத்தை விடத் தேவையில்லை. காப்பாற்றியவர் வெறும் வாடகை இடமாகவும் ஆகிவிடுவதில்லை. இரவல் மடி பற்றிய ஒழுக்கச் சிந்தனை இதைவிட நுட்பமாக வேறெங்கும் சொல்லப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் நண்பரின் ஒப்புமையை நான் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவரிடமும் அதைச் சொன்னேன். மரத்துக்கு வாயில்லை. போகிறேன், இருக்கிறேன், திரும்பி வருகிறேன் என்று மனிதர்கள் சொல்லலாம். அதைக் கேட்க வேண்டிய கடமை மற்றவர்களுக்கு இருக்கிறது. தாரூத்துக்காக நாம் முடிவெடுக்கிறோம்; மனிதர்களுக்காக அப்படி முடிவெடுக்க எவருக்கும் உரிமையில்லை. நண்பர் விடவில்லை. 2009இல் போர் முடிந்து அவரது குடும்பம் மன்னாரில் காணியைத் துப்புரவாக்கப் போனபோது ஒருவர் கேட்டாராம்: “நீங்கதான் அங்க நல்லா இருக்கிறீங்களே, பிறகு ஏன் இங்க?” இருபது வருடங்களாக வேறொரு மண்ணில் பிழைத்துக்கொண்டது, சொந்த மண்ணில் உரிமை கேட்பதற்கு எதிரான சாட்சியமாகிவிட்டது. “பிழைச்சது ஒரு குற்றமாப் போச்சு மச்சான்” என்றார்.

அந்த வார்த்தையோடு நான் மறுபடியும் தஸ்ஸிலிக்குப் போனேன். தாரூத்தைப் பொறுத்தவரை என் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் விடை பிடிபடுகிறது.

அந்த மரத்தின்மீது நமக்கிருப்பது ஒரு கடமையல்ல, இரண்டு. தாரூத் என்ற இனம் உலகிலிருந்து மறையாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. தஸ்ஸிலியில் நிற்கும் அந்த 233 மரங்களுக்கும் அவை நிற்கும் பள்ளத்தாக்குகளுக்கும் உரியது மற்றது. முதலாவதைத் தோட்டங்களில் நிறைவேற்றலாம். தென் ஐரோப்பாவின் தாவரவியல் தோட்டங்களில் தாரூத் ஏற்கெனவே வளர்கிறது. அங்கே மழை இருக்கிறது, கடிக்க ஆடு இல்லை. இரவல் தாய் வழியும் சேர்ந்தால் எண்ணிக்கை கூடும். நல்லது. ஆனால் அதனால் இரண்டாவது கடமையில் ஒரு மரத்தின் அளவுகூடக் குறைந்துவிடாது. பிரான்ஸில் நூறு கன்றுகள் தழைத்தாலும் தின் பலாலன் விழுந்தால் விழுந்ததுதான். அது ஓர் இனத்தின் மாதிரிப் பொருள் அல்ல. குறித்த ஓர் இடத்தில் இரண்டாயிரம் வருடங்களாகக் குறித்த ஒரு நிழலை விழுத்திக்கொண்டிருக்கும் குறித்த ஒரு மரம்.

என் பயம், முதலாவது கடமை நிறைவேறியதும் அது இரண்டாவதற்கு ரசீதாக எழுதப்பட்டுவிடும் என்பதுதான். பிரதி பத்திரமாக இருக்கிறது, மூலத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்ற பேச்சு மரங்களைப் பற்றியும் வரும். பாதுகாவலர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், உல்லாசப் பயணிகள் மூட்டும் நெருப்பைத் தடுப்பதும், அங்கே வாழும் துவாரெக் குடும்பங்களுக்கு வேறு எரிபொருள் வழி செய்வதும் செலவும் சிரமமும் பிடித்த வேலை. தோட்டத்தில் ஒரு கன்றை நட்டுப் பெயர்ப்பலகை வைப்பது இலகு. இலகுவான நன்மை கடினமான நன்மையை விழுங்கிவிடுவதை நாம் ஸகாத் விடயத்திலேயே பார்த்திருக்கிறோம்.

இதற்கு மறுப்பும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். 5000 வருடங்களாக வரண்டுகொண்டே வரும் ஓர் இடத்தில் ஒரு மரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பது இயற்கைக்கு எதிரான பிடிவாதம் அல்லவா, முதிர்ந்த நோயாளியைக் குழாய்களோடு கட்டிப் போடுவது போல? அந்த உவமை பொருந்தாது என்றே நினைக்கிறேன். தாரூத்துக்கு நாம் குழாய் எதுவும் பொருத்தவில்லை. அது தானாகவே நிற்கிறது. வேர் தானே தண்ணீரைத் தேடிக்கொள்கிறது. நம்மிடம் அது கேட்பதெல்லாம் வெட்டாதிருப்பதும், முளைக்கும் ஒன்றிரண்டைக் கடிபடாமல் அடைத்து வைப்பதும்தான். அது விழ வேண்டிய நாளில் விழட்டும். அந்த நாளைக் குறிப்பது நம் வேலையல்ல.

233 என்ற அந்த எண்ணுக்கே மீண்டும் வருகிறேன். காடுகளைப் பற்றிய அறிக்கைகளில் ஹெக்டேயர் கணக்கு வரும், சதவீதம் வரும். இங்கே ஒருமை எண் வந்திருக்கிறது. 230 அல்ல, ‘ஏறத்தாழ’ அல்ல. அந்தக் கடைசி மூன்றையும் எழுத வேண்டுமென்றால், தண்ணீரைச் சுமந்துகொண்டு பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்காக யாரோ நடந்திருக்க வேண்டும். பட்டுப்போனது எது, ஒரு கிளையில் மட்டும் உயிர் வைத்திருப்பது எது என்று அடியில் நின்று பார்த்திருக்க வேண்டும். இடாப்பில் பெயர் கூப்பிடுவது போன்ற வேலை. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு இடாப்பு மார்க் பண்ணுவதை ஒரு நிர்வாகக் கடமையாகத்தான் சொல்லித் தந்தார்கள். பிள்ளை வராத நாளில் அந்தக் கட்டத்தில் பேனை ஒரு கணம் நிற்பதைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை.

பின்வாங்குப் பிள்ளைக்குக் கொடுத்த பதிலைச் சொல்லாமல் விட முடியாது. அடுத்த விஞ்ஞானப் பாடத்தில் நான் அதனிடம் சொன்னது இதுதான். தாய் மரத்துக்குப் பரம்பரையில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் விதையின் தோல் தாயுடையது. உள்ளே முளையம் உண்ணும் உணவும் தாயுடையதே. சைப்பிரஸ் முளைக்கும்போது தண்டு வளைந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு நிமிரும். அப்போது வித்திலைகளின் நுனியில் அந்த விதைத்தோல் ஒரு தொப்பியைப் போல மாட்டிக்கொண்டே மேலே வரும். சில நாட்கள் நாற்று அதைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும். பிறகு வித்திலைகள் விரியும்போது அது கழன்று, பக்கத்து மண்ணில் விழும்.